விளக்கு எரிந்தது, சத்தம் வரவில்லை

திருவிழாவில் ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் ஓடிப்போய் உட்காருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் பத்தாவது வரைதான் படித்தேன். அதற்கப்புறம் படித்ததெல்லாம் ஒயரும் பிளக்கும்தான். அன்னவாசல் பக்கத்து ஊர்களில் பல வருடங்களாக சவுண்டு சர்வீஸ் நடத்துகிறேன். காதுகுத்து, கல்யாணம், கோயில் திருவிழா, எதுவாக இருந்தாலும் என் பெட்டிகள் போகும். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்தது நடந்தபடிதான் எழுதியிருக்கிறேன்.

என் மகள் திருச்சியில் கல்லூரியில் படிக்கிறாள். அவள் எலக்ட்ரானிக் இசை செய்கிறவள். அவளிடம் ஒரு சின்ன டிரம் மெஷின் உண்டு. அதன் பட்டன்களைத் தட்டினால் தாளம் வரும். ஒரு சின்தசைசர் கீபோர்டு உண்டு. அதிலிருந்து தரை அதிர்கிற பேஸ் சத்தம் வரும். இவற்றோடு ஒரு லேப்டாப். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நிறுத்தாமல் வாசிப்பாள். பாட்டு வரிகள் இருக்காது. தாளமும் ஒலியும் மட்டும்தான்.

எங்கள் ஊரில் மது எடுப்புத் திருவிழா வரும். பெண்கள் தென்னம்பாளை வைத்த குடங்களைத் தலையில் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு வருவார்கள். போன திருவிழாவில் அந்தக் குடங்கள் வருவதற்கு முன்னால், சாயந்தரம் ஐந்து மணிக்கு, அரை மணி நேரம் என் மகளுக்கு மேடை கேட்டேன். விழாக் கமிட்டித் தலைவர் எனக்குச் சித்தப்பா முறை. அவர் எளிதில் கொடுக்கவில்லை.

"ஏம்ப்பா, ஒம்மக பாடவும் மாட்டாளாம், ஆடவும் மாட்டாளாம். மெசினப் புடிச்சுத் திருகுவாளாம். அதுக்கு எதுக்கு மேடை? ஒன் பட்டறையிலயே திருகலாமே."

"அரை மணி நேரந்தானே சித்தப்பா."

"சரி, அரை மணி. ஆனா சனம் எந்திரிச்சுப் போச்சுன்னா கரகாட்டத்த முன்னாடி விட்டுருவேன். அப்பறம் மொகத்தத் தூக்கிக்கிட்டு எங்கிட்ட வரக்கூடாது."

மகளிடம் சொன்னேன். "பத்து நிமிசம் ஒக்காந்து கேட்டா போதும்ப்பா, அப்பறம் எந்திரிக்க மாட்டாங்க" என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, அன்றைக்குச் சோற்றில் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். வெளியூரில் வாசித்துவிடலாம். பிறந்த ஊரில் பாதியில் இறக்கிவிட்டால் அது வேறு.

அவளுக்கு ஏற்கெனவே ஒரு முறை அடிபட்டிருந்தது. கல்லூரி விழாவில் வெயிலில் லேப்டாப் சூடாகிப் பாதியில் உறைந்துவிட்டது. எல்லா வேலையையும் அவள் லேப்டாப்புக்கு உள்ளேயே வைத்திருந்தாள். கம்ப்ரசர் என்கிற வேலையும் அதற்குள்ளேதான். "அந்த ஒரு வேலைய மட்டும் வெளிய ஒரு பெட்டிக்குக் குடுத்துட்டா, நான் பயமில்லாம வாசிப்பேன்ப்பா" என்றாள்.

"கம்ப்ரசரா? எந்தக் கெணத்துல எறக்கப் போறீங்க?" என்று அடுப்படியிலிருந்து என் மனைவி கேட்டாள். எங்கள் பக்கம் கம்ப்ரசர் என்றால் போர் குழிக்குள் காற்றை விட்டுத் தண்ணீர் ஏற்றுகிற மெஷின்தான்.

"இது சத்தத்த அமுக்குற கம்ப்ரசரும்மா."

"அப்ப மொதல்ல ஒங்கப்பாவுக்கு ஒண்ணு வாங்கு. போன்ல பேசுனா மூணாவது வீட்டுக்குக் கேக்குது."

மூவரும் சிரித்தோம். அந்தப் பேச்சை நான் சிரிப்போடு விட்டிருக்கக் கூடாது.

கம்ப்ரசர் என்ன செய்யும் என்று மகள் எனக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு சத்தம் நாம் வைத்த அளவைத் தாண்டினால் அதைக் கீழே அமுக்கும். அவ்வளவுதான். சைடுசெயின் என்பது அந்தப் பெட்டிக்கு இருக்கிற இன்னொரு காது. அந்தக் காதில் வேறொரு சத்தத்தைக் கொடுக்கலாம். அப்போது பெட்டி அந்தச் சத்தத்தைக் கேட்டு இந்தச் சத்தத்தை அமுக்கும். எனக்கு முதலில் விளங்கவில்லை.

"நம்ம வாய்க்கால் பாலம் இருக்குல்லப்பா, ஒரு வண்டிதான் போவும். டிரம்முல வாற தொம்முங்குற அடி ஒரு பஸ்ஸு. பேஸ் ஒரு லாரி. ரெண்டும் ஒண்ணா ஏறுனா ரெண்டும் சிக்கிக்கும். அடி வாறப்ப பேஸ் ஒதுங்கணும், அடி போனதும் ஏறணும். அந்த அடிய இன்னொரு காதுல குடுத்தா, பெட்டியே பேஸ ஒதுக்கி ஒதுக்கி விடும்."

பாலத்தைச் சொன்னதும் விளங்கிவிட்டது. நான் எத்தனையோ முறை அந்தப் பாலத்தில் பெட்டி ஏற்றிய வண்டியோடு ஒதுங்கி நின்றிருக்கிறேன்.

திருச்சியில் பழைய சவுண்டு சாமான் விற்கிற கடைக்குப் போனோம். கடைக்காரர் மூன்று கம்ப்ரசர்களை எடுத்து மேசையில் வைத்தார். என் வழக்கப்படி ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்தேன். எங்கள் தொழிலில் அப்படித்தான். ஆம்ப்ளிஃபயர் கனமாக இருந்தால் உள்ளே டிரான்ஸ்பார்மர் பெரிது, டிரான்ஸ்பார்மர் பெரிதென்றால் உழைக்கும். முதல் பெட்டி நல்ல கனம். இதுதான் என்று கையை வைத்துவிட்டேன்.

மகள் அதைத் தூக்கவே இல்லை. மூன்றையும் திருப்பி முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இதுல ரெண்டாவது காதே இல்ல" என்று நான் கை வைத்த பெட்டியின் முதுகைக் காட்டினாள். சைடுசெயின் ஒயர் சொருகுகிற ஓட்டை அதில் இல்லை.

"கனம் பாருத்தா" என்றேன்.

"கனத்துக்கு எடுக்குறதுன்னா அம்மி வாங்கிட்டுப் போங்கண்ணே" என்றார் கடைக்காரர். "பாப்பா பாக்குறதுதான் சரி."

இரண்டாவது பெட்டியில் ஓட்டை இருந்தது. ஆனால் போகிற சத்தத்துக்கும் வருகிற சத்தத்துக்கும் அந்த ஒரே ஓட்டைதான். அதற்கு நுனியில் இரண்டாகப் பிரிகிற தனி ஒயர் வேண்டும். மேடை அவசரத்தில் மாற்றிச் சொருகினால் மொத்தச் சத்தமும் போய்விடும் என்று அவள் அதையும் தள்ளி வைத்தாள். மூன்றாவது பெட்டி தட்டுப்போல லேசாக இருந்தது. முகமெல்லாம் கீறல். அதில் இன்னொரு காதுக்குத் தனி ஓட்டை இருந்தது. அமுக்கிய சத்தத்தை எவ்வளவு நேரத்துக்குள் விட வேண்டும் என்று சொல்லும் ரிலீஸ் திருகு கையால் திருப்புகிற மாதிரி இருந்தது. அந்த இன்னொரு காது எந்த வகைச் சத்தத்தை மட்டும் கேட்க வேண்டும் என்று பிரிக்கிற ஒரு ஃபில்டர் திருகும் இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளைப் பட்டன். அதை அமுக்கினால் கம்ப்ரசர் காதில் விழுவது மட்டும் நமக்குக் கேட்கும்.

"இதுதான்ப்பா" என்றாள்.

"உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கேத்தா."

கடைக்காரர், நாங்கள் கையோடு கொண்டுபோயிருந்த அவளுடைய டிரம் மெஷினையும் கீபோர்டையும் அதில் மாட்டிவிட்டார். முதலில் சைடுசெயின் இல்லாமல் வாசித்தாள். தொம் என்ற அடியும் பேஸும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கடைக் கண்ணாடி உறுமியது. பிறகு ஒயரைச் சொருகினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒவ்வொரு அடிக்கும் பேஸ் குனிந்தது, அடி போனதும் நிமிர்ந்தது. கண்ணாடி உறுமுவது நின்றுவிட்டது. இத்தனை காலம் திருவிழா மேடையில் சத்தம் குழம்பும்போதெல்லாம் நான் வால்யூமைத்தான் ஏற்றியிருக்கிறேன். ஒன்றைக் குனியவைத்தால் இரண்டும் தெளியும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நானும் யோசித்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் பட்டறையில் வைத்து நானே அதைத் திருகிப் பார்த்தேன். அந்தப் பெட்டியில் எவ்வளவு அமுக்குகிறது என்று காட்டும் சிவப்பு விளக்குகள் வரிசையாக இருக்கும். எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். விளக்கு நிறைய எரிந்தால் மெஷின் நன்றாக வேலை செய்கிறது என்று நினைப்போம். கடைசி விளக்குவரை எரியவிட்டு மகளைக் கூப்பிட்டேன்.

"பாத்தியா, புல்லா எரியுது."

அவள் காதைக் கொடுத்துக் கேட்டாள். "பேஸ் எங்கப்பா? நசுக்கிப் போட்டீங்களே. நாலு வெளக்கு எரிஞ்சாப் போதும். செவப்பு எரியிறது வேல செய்யிறதில்ல, அமுக்குறது."

அவளே திருகுகளைக் குறைத்தாள். அப்போதுதான் இன்னொரு சிக்கல் தெரிந்தது. அவள் டிரம் மெஷினில் தொம் என்கிற அடியும் ஹைஹேட் என்கிற ஜால்ரா மாதிரிச் சத்தமும் ஒரே ஒயரில் வரும். கம்ப்ரசர் இரண்டையும் கேட்டு, ஹைஹேட்டுக்கும் பேஸைக் குனியவைத்துக்கொண்டிருந்தது. பேஸ் திக்குவாய் போலத் திக்கியது. கம்ப்ரசருக்குத் தொம் மட்டும் கேட்கிற மாதிரி ஃபில்டர் திருகை வைக்க வேண்டும்.

"நான் வெள்ளப் பட்டன அமுக்குறேன். எது எங்கிட்டு இருக்குன்னு கேட்டுக்கிட்டே திருகுவோம்" என்றாள்.

பட்டனை அமுக்கித் திருகை இடதுகோடிக்கு வைத்தாள். தொம் தொம் என்று அடி மட்டும் கேட்டது. சுத்தமாகப் பிரிந்து வந்தது. பிறகு வலதுபக்கம் மெல்லத் திருகினாள். அடி தேய்ந்து மறைந்தது. ஏதோ ஒரு சலசலப்புக் கேட்டது. இன்னும் திருகினாள். சத்தம் நின்றுவிட்டது.

"ஒயர் விட்டுருச்சு" என்று பெட்டிக்குப் பின்னால் போனேன். பிளக்கை அசைத்தேன். உருவித் துடைத்துத் திரும்பச் சொருகினேன். சத்தம் இல்லை. எல்லா ஒயரும் வந்து சேர்கிற மிக்சர் பலகையில் பார்த்தேன், சத்தத் திருகெல்லாம் ஏறித்தான் இருந்தது. ஸ்பீக்கர் ஒயரை அசைத்தேன். ட்வீட்டர் போய்விட்டது என்று நினைத்தேன். மேல் சத்தத்தைத் தருகிற சின்ன ஸ்பீக்கருக்கு ட்வீட்டர் என்று பெயர்.

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, எதுக்கு ஒயர நோண்டுறீங்க?"

"சத்தம் வரலையே."

"வருதே."

நான் கம்ப்ரசரைப் பார்த்தேன். சிவப்பு விளக்குகள் வேகமாக விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தன. ட்ஸ் ட்ஸ் ட்ஸ் என்று ஹைஹேட் எப்படி வருமோ அதே வேகம். பெட்டிக்குக் கேட்கிறது. என் மகளுக்குக் கேட்கிறது. பட்டறை வாசலில் படுத்திருந்த நாய்கூட ஒவ்வொரு ட்ஸ்ஸுக்கும் காதை ஆட்டிக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் பட்டறை அமைதியாக இருந்தது.

"ஆத்தா, வெளையாடாத."

"வெளையாடலப்பா."

அவள் முகம் மாறிவிட்டது. திருகைத் திரும்ப இடதுபக்கம் கொண்டுவந்தாள்.

"இப்பக் கேக்குதா?"

"கேக்குது."

"இப்ப?"

"ம்."

"இப்ப?"

விளக்கு எரிந்தது, சத்தம் வரவில்லை. அவள் நெற்றியிலிருந்த பச்சை ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, திருகு நின்ற இடத்துக்கு நேராகப் பெட்டியின் முகத்தில் ஒட்டினாள். அந்தப் பொட்டுக்கு வலதுபக்கம் இன்னும் நிறைய இடம் இருந்தது. அந்த இடம் முழுவதும் சத்தம் இருக்கிறது. அது எனக்கு இல்லை. அது எப்போது போனது என்றும் எனக்குத் தெரியாது. வலி இல்லை, ஒரு நாள் திடீரென்று நின்றதும் இல்லை.

வீட்டுக்குள் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் அதிரவே இல்லை. அது எனக்கு இன்னொரு அதிர்ச்சி.

"குக்கர் விசில் அடிக்கிறப்ப பக்கத்துலயே ஒக்காந்துகிட்டு, எத்தன விசிலுன்னு எங்கிட்டக் கேப்பீங்க. நாலு வருசமா கேக்குறீங்க."

"சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். எதுக்குடி கத்துறேன்னு வஞ்சீங்க."

அது உண்மை. இவளுக்கு வரவர வாய் கூடிப்போச்சு என்றுதான் நான் நினைத்திருந்தேன். எனக்குக் கேட்பதற்காக அவள் கூட்டிப் பேசியிருக்கிறாள்.

அன்று சாப்பிடவில்லை. ஒன்றையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். சவுண்டு சர்வீஸ்காரன் மிக்சரில் ஒரு திருகு இருக்கிறது, ட்ரிபிள் என்று. மேல் சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அதுதான். ஒவ்வொரு திருவிழாவிலும் அதை நான் என் காதுக்குத் தெளிவாகக் கேட்கும்வரை ஏற்றுவேன். ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கூடுதலாக ஏற்றியிருப்பேன் போல. மேல் சத்தம் எனக்குக் குறையக் குறைய, அதை நான் சனங்களின் காதில் கூட்டிக்கொண்டே போயிருக்கிறேன்.

பெட்டிக்கு முன்னால் உங்களைப் போன்ற பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். பேஸ் நெஞ்சில் இடிப்பது அவர்களுக்கு விளையாட்டு. பேப்பர் கப்பை ஸ்பீக்கர் முன்னால் பிடித்து அது துடிப்பதைப் பார்ப்பார்கள். எல்லோரும் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு சிரிப்பார்கள். "காது கிழியுதுப்பா ஒன் செட்டு" என்று பெரியவர்கள் வந்து சொல்வார்கள். எனக்கு அது பாராட்டு. பிள்ளைகள் காதைப் பொத்தினால் செட்டு நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். நான் மெய்யாகவே அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மறுவாரம் புதுக்கோட்டையில் காது டாக்டரிடம் போனோம். ஒரு சின்ன அறைக்குள் வைத்து ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். முடிந்ததும் டாக்டர் ஒரு தாளைக் காட்டினார். கோடு நேராக வந்து, ஓரிடத்தில் கண்மாய்க் கரை சரிவது மாதிரிச் சரிந்துவிட்டது.

"போனது வராதுங்க. இருக்குறத வச்சுக் காப்பாத்திக்கலாம். வேலைக்குப் போறப்ப காதுக்கு அடைப்பான் போடுங்க, பெட்டிக்குப் பக்கத்துல நிக்காதீங்க" என்றார். "ரொம்ப நாளா இந்தத் தொழிலா?"

"ஆமாங்க" என்றேன். அதைப் பெருமையாகத்தான் எப்போதும் சொல்வேன். அன்றைக்குக் குரல் இறங்கிப்போனது.

பஸ்ஸில் வரும்போது மகளிடம் சொன்னேன்: "திருவிழாவுக்கு வேற செட்டுக்காரரச் சொல்லிர்றேன்த்தா. ஒன் அரை மணி நேரத்த நான் கெடுத்துறக் கூடாது."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருப்பாள் என்று நினைத்தேன். திரும்பியபோது அழவில்லை.

"அவரு காதும் இப்படித்தான் இருக்கும். அவருக்குத் தெரியாது, ஒங்களுக்குத் தெரியும். நீங்களே இருங்க. அடியும் பேஸும் ஒங்களுக்கு என்னையவிட நல்லாத் தெரியுது. அது ஒங்களோடது. மேல உள்ளது என்னோடது. ட்ரிபிள் திருக நான் வச்சுப் பொட்டு ஒட்டிருவேன். நீங்க அதத் தொடக்கூடாது."

"எனக்கு மொட்டையாக் கேக்குமே."

"கேக்கும். தொடக்கூடாது."

சரி என்றேன்.

திருவிழா அன்று மதியமே பெட்டிகளை இறக்கினேன். வழக்கமாகப் பிள்ளைகள் உட்காரும் இடத்தைப் பார்த்தேன். வண்டியில் கிடந்த கயிற்றை எடுத்துப் பெட்டியிலிருந்து பத்துத் தப்படி தள்ளிக் கட்டினேன். கமிட்டிச் சித்தப்பா வந்து இடுப்பில் கைவைத்து நின்றார்.

"என்னப்பா, ஜல்லிக்கட்டா நடத்தப் போற?"

"பிள்ளைக கிட்ட வரக்கூடாது சித்தப்பா. காது போயிரும்."

"இத்தன வருசம் போகாத காது இன்னைக்கித்தான் போவுதாக்கும்."

நான் கயிற்றின் முடிச்சை இன்னும் இறுக்கினேன்.

ஐந்து மணி. வெயில் இன்னும் இருந்தது. கோயில் முன்னால் சனம் உட்கார்ந்திருந்தது. மகள் மேடையில் சின்ன மேசைக்குப் பின்னால் நின்றாள். நான் கீழே, சனத்துக்குப் பின்னால் மிக்சரோடு உட்கார்ந்தேன். கம்ப்ரசர் என் முழங்கைக்குப் பக்கத்தில். ட்ரிபிள் திருகுக்கு நேராக ஒரு சிவப்புப் பொட்டு. எனக்குத் துணையாக இன்னொரு சின்ன ஸ்பீக்கர் பெட்டியைப் பக்கத்தில் வைத்திருந்தேன்.

ஆரம்பித்தாள். எனக்கு மொட்டையாகத்தான் கேட்டது. போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி. சனம் ஒருவரை ஒருவர் பார்த்தது. ஆனாலும் உட்கார்ந்திருந்தது. ஏழெட்டு நிமிடம் நன்றாகத்தான் போனது. பிறகு அவள் தாளத்தின் வேகத்தைக் கூட்டினாள். சட்டென்று ஏதோ குறைந்துவிட்டது. இசை மேடையிலேயே நின்றுவிட்டது, சனத்திடம் வந்து சேரவில்லை. முன்வரிசையில் இரண்டு பெண்கள் சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு குடும்பம் எழுந்தது. சித்தப்பா திரும்பிக் கரகாட்டக்காரர்கள் நின்ற பக்கம் பார்த்தார். கை பாதி உயர்ந்துவிட்டது.

மகள் என்னைப் பார்த்தாள்.

என் கை ட்ரிபிள் திருகுக்குப் போய்விட்டது. இருபது, முப்பது திருவிழாக்களில் இப்படிச் சத்தம் செத்தபோதெல்லாம் இந்தக் கை இந்தத் திருகுக்குத்தான் போயிருக்கிறது. விரல் அதைப் பிடித்துவிட்டது. இன்னும் ஒரு நொடி போயிருந்தால் ஒரு சுற்றுச் சுற்றியிருப்பேன். அதற்கு முன்னால் பிள்ளைகளைப் பார்த்தேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் விரலும் காதில் இல்லை. முகத்தைச் சுளிக்கவும் இல்லை, என்ன கேட்கிறது என்று எட்டிப் பார்க்கவும் இல்லை. அப்படியானால் மேல் சத்தம் அவர்களுக்குச் சரியாகத்தான் இருக்கிறது. கோளாறு வேறு எங்கேயோ.

திருகிலிருந்து கையை எடுத்தேன். பக்கத்து ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தேன். காதுக்குத் தெரியாதது கைக்குத் தெரிந்தது. அடி வந்தது, பேஸ் குனிந்தது. குனிந்த பேஸ் நிமிர்வதற்குள் அடுத்த அடி வந்துவிட்டது. அவள் வேகத்தைக் கூட்டிவிட்டாள், கம்ப்ரசர் பழைய வேகத்திலேயே விட்டுக்கொண்டிருந்தது. பாலத்தில் லாரி ஏறுவதற்குள் அடுத்த பஸ் வந்துவிடுகிறது. அதனால் பேஸ் பாலம் ஏறவே இல்லை.

அமுக்கியதைச் சீக்கிரம் விடுகிற மாதிரி ரிலீஸ் திருகை மெல்லக் குறைத்தேன். கை இன்னும் பெட்டியின் மேலேயே இருந்தது. இன்னும் கொஞ்சம் குறைத்தேன். நான்கு விளக்கு எரிந்து, அடுத்த அடிக்குள் நான்கும் அணைந்தன. உள்ளங்கையின் கீழே பேஸ் எழுந்து நின்றது. தரை வழியாக அது சனத்துக்குள் போவதை நான் கண்ணால் பார்த்தேன். உட்கார்ந்திருந்தவர்களின் முதுகுகள் ஒன்றாக அசைந்தன. எழுந்த பெண்களில் ஒருத்தி நின்றபடியே திரும்பிப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். சித்தப்பாவின் கை கீழே இறங்கித் துண்டைச் சரிசெய்துகொண்டது.

மகள் மறுபடி என்னைப் பார்த்தாள். நான் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். ட்ரிபிள் பக்கம் இல்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டுமே. அவள் சிரித்துவிட்டாள்.

அப்புறம் நடந்ததுதான் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளைகள் தாளத்துக்குக் கைதட்ட ஆரம்பித்தார்கள். முதலில் ஒரு பெண் பிள்ளை, பிறகு அந்த வரிசை, பிறகு எல்லோரும். என் செட்டுக்கு முன்னால் பிள்ளைகள் கைதட்டி நான் பார்த்ததே இல்லை. கைதட்ட அவர்களுக்குக் கை காலியாக இருந்ததில்லை. இரண்டு கையும் காதில் இருந்தன.

அரை மணி நேரம் முழுதாக வாசித்து முடித்தாள். தெருமுனையில் குடங்கள் தெரிந்தன, குலவைச் சத்தம் வந்தது. சித்தப்பா மிக்சர் பக்கம் வந்தார்.

"இன்னைக்கி சவுண்டு கம்மிதான்ப்பா" என்றார். "ஆனா எல்லாங் கேட்டுச்சு. கயித்த அவுத்துராத, அங்கிட்டே கெடக்கட்டும். புள்ளைக வரிசை கலையாம ஒக்காந்திருக்குக."

மகள் மேடையிலிருந்து இறங்கி நேராக மிக்சருக்குத்தான் வந்தாள். குனிந்து சிவப்புப் பொட்டையும் திருகையும் பார்த்தாள்.

"நகரல" என்றாள்.

"விரல் வச்சேன்த்தா. திருகல."

"தெரியும். மேடையில இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

அந்த இரண்டு பொட்டும் இன்னும் அப்படியே ஒட்டியிருக்கின்றன. கயிறும் வண்டியில் இருக்கிறது. உங்கள் ஊருக்கு என் செட்டு வந்தால் கயிற்றுக்கு அந்தப் பக்கம் உட்காருங்கள். காதில் விரல் வைக்கத் தோன்றினால் வைத்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போகாதீர்கள். எழுந்து வந்து என் முதுகில் தட்டிச் சொல்லுங்கள். சத்தமாகச் சொல்ல வேண்டும். மெல்லச் சொன்னால் எனக்குக் கேட்காது.